ஒரு செமஸ்டர் அங்கே, பட்டம் இங்கே: மாணவர் பரிமாற்றம் எப்படி நடக்கிறது?

வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக வெளிநாட்டுப் படிப்புக்கான விளம்பரப் பலகைகள்தான். ஐயெல்ட்ஸ் வகுப்பு, விசா ஆலோசனை, வங்கிக் கடனுக்கு வழிகாட்டல் என்று ஒவ்வொரு மாடியிலும் ஒரு முகவர் நிலையம் இருக்கும். அவர்கள் பேசுவது உயர்தரம் முடித்தவர்கள் முழுப் பட்டத்துக்கும் பணம் கட்டிப் போவதைப் பற்றி. இந்தக் கட்டுரையின் விஷயம் வேறு. கொழும்புப் பல்கலைக்கழகத்திலோ மொறட்டுவையிலோ ஸ்ரீ ஜயவர்தனபுரவிலோ ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் ஒருவர், கிடைத்த இடத்தை விடாமலே, நாலைந்து மாதம் இன்னொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து இங்கேயே பட்டம் பெறலாம். இதைத்தான் மாணவர் பரிமாற்றம் என்கிறோம். விரிவுரையாளர்களும் நிர்வாக ஊழியர்களும் இதே ஏற்பாட்டில் குறுகிய காலம் போய் வர முடியும்.

இதை வீட்டில் விளங்கப்படுத்துவது அவ்வளவு சுலபம் அல்ல. எங்கள் குடும்பங்களில் யாராவது ஒருவர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ இருப்பார். போனவர்கள் பெரும்பாலும் அங்கேயே இருந்துவிட்டார்கள். அதனால் மகள் "ஸ்பெயினுக்குப் போகப் போறன்" என்று சொன்னதும், "அப்ப இங்கத்தைப் படிப்பு?" என்று அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. இங்கத்தைப் படிப்பு அப்படியே தொடரும் என்பதுதான் பதில். பதிவு இங்கே இருக்கும், பட்டமும் இங்கேதான் தரப்படும். திரும்பி வருவது இந்த ஏற்பாட்டின் நிபந்தனை.

எல்லாம் தங்கியிருப்பது கிரெடிட்டில்

பரிமாற்றத்துக்குப் பெரிய தடை பணம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பணமும் தடைதான். ஆனால் அங்கே படித்த பாடங்களை இங்கே கணக்கில் எடுப்பார்களா என்ற கேள்வி அதைவிடப் பெரியது. எடுக்காவிட்டால் மாணவி திரும்பி வந்து அதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும். கூடப் படித்தவர்களுக்கு ஒரு வருடம் பின்தங்கி, விடுதி இடமும் போய், வேலைக்குப் போகும் காலமும் தள்ளிப்போகும். அந்த விலையைக் கொடுத்துப் போக ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையால் முடியாது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் கிரெடிட் முறை இருக்கிறது. ஒரு பாடத்துக்கு மாணவர் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்பதை அளக்கும் அலகுதான் கிரெடிட். விரிவுரை, பயிற்சி வகுப்பு, நூலகத்தில் வாசிப்பு, பரீட்சைக்கான தயாரிப்பு எல்லாம் அதில் அடங்கும். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி சாதாரண பாடநெறிகளில் ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேர உழைப்பு. ஒரு கல்வியாண்டுக்கு 30 கிரெடிட், அதாவது 1,500 மணி. நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட். ஐரோப்பாவில் பயன்படும் ஈசிடிஎஸ் முறையில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம்தான். அங்கே ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட். ஆக, ஐரோப்பாவின் இரண்டு கிரெடிட் ஏறத்தாழ எங்கள் ஒரு கிரெடிட்டுக்குச் சமம்.

கொழும்பில் மூன்றாம் வருடம் பொருளியல் படிக்கும் ஒரு மாணவி ஸ்பெயினில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே சர்வதேச வர்த்தகம், சுற்றாடல் பொருளியல், தொழிலாளர் பொருளியல், பொருளியல் அளவியல், ஸ்பானிய மொழி என ஐந்து பாடங்களை எடுக்கிறார். ஒவ்வொன்றும் 6 கிரெடிட், மொத்தம் 30. இங்கத்தைக் கணக்கில் அது 15, அதாவது சரியாக ஒரு செமஸ்டரின் சுமை. எண்ணிக்கையில் சிக்கல் இல்லை. சிக்கல் பாடத்தில்தான் வரும். இங்கே அந்தச் செமஸ்டரில் கட்டாயமாக இருக்கும் ஒரு பாடம் அங்கே ஆங்கில மொழியில் நடக்காமல் இருக்கலாம். அல்லது அதே பெயரில் ஒரு பாடம் இருந்தும், இங்கே மூன்று வாரம் படிப்பிக்கும் பகுதியை அவர்கள் தொடாமலே விட்டிருக்கலாம்.

இந்த இடத்தில் துறைத்தலைவரும் பாட விரிவுரையாளரும் இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாடத்தின் பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பது போதாது. படித்து முடித்த மாணவிக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதே கேள்வி. முற்றாக ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் உலகின் எந்தப் பல்கலைக்கழகத்தோடும் பொருத்தம் வராது. முக்கியமான பகுதி பொருந்தினால் சமமாக ஏற்கலாம். பொருந்தாத ஒரு கட்டாயப் பாடத்தை மட்டும் அடுத்த வருடம் இங்கே எடுக்க விடலாம். இப்படி ஒரு நெகிழ்வு இருந்தால்தான் பரிமாற்றம் நடக்கும். இது முழுக்க முழுக்க இங்கே, எங்கள் துறைகளில் எடுக்க வேண்டிய முடிவு.

துறை சம்மதித்தால் விஷயம் பீடச் சபைக்குப் போகும், அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவைக்குப் போகும். கூட்டங்களுக்கு இடையே இடைவெளி உண்டு, ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக இந்தப் பயணம் என்றால் யாருக்கும் களைத்துவிடும். ஒரு பங்காளிப் பல்கலைக்கழகத்தின் பாடங்களுக்கு ஒரே தடவையில் சமநிலைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து அனுமதி வாங்கி வைத்துவிட்டால் பின்னால் வரும் எல்லா மாணவர்களுக்கும் அது உதவும். வாய்ப்புகளைப் பெருக்குவது பற்றிப் பேசும்போது நான் முதலில் கேட்பது இந்தப் பட்டியலைத்தான். புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் புகைப்படங்கள் எத்தனையோ பார்த்தாயிற்று. பட்டியல் இல்லாத ஒப்பந்தத்தால் ஒரு மாணவரையும் அனுப்ப முடியாது.

எல்லாம் முடிவானதும் கற்றல் ஒப்பந்தம் என்ற ஓர் ஆவணம் எழுதப்படும். ஒரு பக்கத்தில் அங்கே படிக்கப்போகும் பாடங்களும் கிரெடிட்டுகளும் இருக்கும். மறுபக்கத்தில் அவை இங்கே எந்தப் பாடங்களுக்குப் பதிலாக ஏற்கப்படும் என்று இருக்கும். மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் அதில் ஒப்பமிட வேண்டும். இது பயணத்துக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். "போய்ப் படிச்சிட்டு வாங்கோ, வந்த பிறகு பாப்பம்" என்று யாராவது வாய்ச்சொல்லில் சொன்னால் விமானச் சீட்டு எடுக்காதீர்கள். போன முதல் வாரங்களில் ஒரு பாடம் இரத்தானாலோ நேர அட்டவணை மோதினாலோ மாற்றத்தையும் அதே ஆவணத்தில் எழுதி, மூன்று தரப்பும் மறுபடி ஒப்பமிட வேண்டும்.

புள்ளிகள் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்பெயினில் பத்துக்குப் புள்ளி போடுகிறார்கள். ஐந்து எடுத்தால் சித்தி, ஏழுக்கு மேல் நல்ல பெறுபேறு. ஜேர்மனியில் 1.0 என்பதுதான் அதிசிறந்த புள்ளி, 4.0 என்றால் மயிரிழையில் சித்தி. எங்கள் ஜீபிஏ (தரப் புள்ளிச் சராசரி) முறையில் 4.0 என்றால் உச்சம். மாற்றும் முறை முன்கூட்டியே எழுதப்படாவிட்டால் ஜேர்மனியில் சிறப்பாகச் செய்த ஒருவருடைய பெறுபேறு இங்கே வகுப்புச் சித்தியையே பாதிக்கலாம். அங்கே படித்ததைச் சித்தி, சித்தியில்லை என்று மட்டும் பதிந்து, ஜீபிஏ கணக்கில் சேர்க்காமல் விடுவதும் ஒரு வழி. எது என்பது போவதற்கு முன்னரே மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகம் 1987இல் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கியபோது அது ஐரோப்பிய மாணவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. 2014இல் அது எராஸ்மஸ் பிளஸ் ஆனது. அடுத்த வருடம் இலங்கை போன்ற நாடுகளுக்கும் செமஸ்டர் பரிமாற்றத்தின் கதவு திறந்தது. இப்போதைய கட்டம் 2021 முதல் 2027 வரை. படிக்கப் போகும் மாணவர்கள் இரண்டு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை தங்கலாம். ஏற்கும் பல்கலைக்கழகம் கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது. வாழ்க்கைச் செலவுக்கு, போகும் நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை கிடைக்கும். பயணச் செலவுக்குத் தூரத்தை வைத்துத் தனியாக ஒரு தொகை தருவார்கள்.

இங்கே பலர் இடறும் ஓர் இடம் உண்டு. இந்தப் பணத்துக்கு மாணவர் நேரே பிரசெல்ஸில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது ஐரோப்பாவில் உள்ள பங்காளிப் பல்கலைக்கழகம். அதற்கு நிதி கிடைத்தால், இலங்கைப் பங்காளியிலிருந்து இத்தனை மாணவர், இத்தனை ஊழியர் என்று இடங்கள் ஒதுக்கப்படும். அதன் பிறகு உங்கள் பல்கலைக்கழகம் அறிவித்தல் விடும். அந்த அறிவித்தல் துறை அறிவித்தல் பலகையிலோ பீட இணையத்தளத்திலோ இரண்டு மூன்று வாரம் மட்டும் இருக்கலாம். ஆகவே எந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு உங்கள் பீடத்துக்கு இப்போது நடப்பில் உள்ள ஒப்பந்தம் இருக்கிறது என்பதைச் சர்வதேச விவகாரப் பிரிவில் கேட்டறிவதுதான் முதல் படி.

எராஸ்மஸ் முண்டுஸ் வேறு. அது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகளில் படிக்கும் முழு முதுமாணிப் பட்டம். முதல் பட்டம் முடிக்கும் நிலையில் உள்ளவர்கள் அந்தந்தப் பாடநெறிக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். அதன் புலமைப்பரிசில் மாதம் 1,400 யூரோ. பொதுநலவாயப் புலமைப்பரிசில், அமெரிக்காவின் புல்பிரைட், இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் வழியாக வரும் புலமைப்பரிசில்கள் எல்லாம் தமக்கென வேறு விதிகள் கொண்டவை. ஒரு செமஸ்டர் பரிமாற்றத்தோடு அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உதவித்தொகை கிடைத்தாலும் கையில் கொஞ்சம் பணம் வேண்டும். பல இடங்களில் முதல் தவணை, நீங்கள் போய்ச் சேர்ந்து பதிவு செய்து, வங்கிக் கணக்கு திறந்த பின்னரே வரும். விசாக் கட்டணம், காப்புறுதி, முதல் மாத வாடகை, அறைக்கு முற்பணம் எல்லாம் அதற்கு முன்னர் வந்து நிற்கும். 2022இல் ரூபா சரிந்த பிறகு இந்த முதல் மாதச் செலவே பல குடும்பங்களுக்கு எட்டாத தொகையாகிவிட்டது. மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வந்து கொழும்பில் அறை எடுத்துப் படிக்கும் பிள்ளை இந்த இடத்தில்தான் விலகிப் போகிறார். நேர்முகத்தேர்வில் தோற்று அல்ல. பல்கலைக்கழகமோ பழைய மாணவர் சங்கமோ வட்டியில்லாத ஒரு கைமாற்று நிதியை ஏற்படுத்தி, தவணை வந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டால் இந்தத் தடை நீங்கும். பெரிய தொகை தேவையில்லை, அதே பணம் ஒவ்வொரு வருடமும் சுழலும்.

விசாவுக்குக் காலம் ஒதுக்குங்கள். 90 நாளுக்கு மேல் தங்குவதற்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகியகால ஷெங்கன் விசா போதாது, அந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். போலந்து, போர்த்துக்கல் போன்ற நாடுகளுக்குக் கொழும்பில் தூதரகம் இல்லை, புதுடில்லியில் உள்ள தூதரகம்தான் இலங்கையையும் கவனிக்கிறது. சான்றிதழ்களை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டி வந்தால் பத்தரமுல்லை சுகுருபாயவுக்குப் போக வேண்டும். கடவுச்சீட்டுக்கும் அதே கட்டடம்தான்.

விரிவுரையாளர் ஏன் போக வேண்டும்?

ஊழியர் பரிமாற்றம் என்றதும் "அவையளுக்குச் சும்மா ஒரு சுற்றுலா" என்று சிலர் சொல்வதுண்டு. அந்தப் பேச்சு தவறு என்பது என் உறுதியான எண்ணம். மாணவருக்கு வழி திறப்பது பெரும்பாலும் முன்னே போய் வந்த ஒரு விரிவுரையாளர்தான்.

எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் ஊழியர்கள் ஐந்து நாள் முதல் இரண்டு மாதம் வரை போகலாம். கற்பிக்கப் போகிறவர் வாரத்துக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும். அந்த எட்டு மணி நேரத்துக்கு வெளியேதான் முக்கியமான வேலை நடக்கிறது. அவர் அந்தத் துறையின் பாடத்திட்டத்தை அங்கேயே இருந்து பார்க்கிறார். அவர்கள் எப்படிப் பரீட்சை வைக்கிறார்கள், எதற்குப் புள்ளி கொடுக்கிறார்கள், ஆய்வுகூடத்தில் மாணவரை எவ்வளவு தனியாகச் செய்ய விடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவருகிறது. திரும்பி வந்து பீடச் சபையில், "அந்தப் பாடம் எங்கட மூன்றாம் வருடப் பாடத்துக்குக் குறைஞ்சதில்லை, நான் பார்த்தேன்" என்று அவர் சொல்லும்போது அதற்கு ஒரு பாரம் இருக்கிறது. அந்தச் சொல் இல்லாவிட்டால் சபை தயங்கும். தெரியாத இடத்தில் படித்த புள்ளியை ஏற்கத் தயங்குவதும் இயல்புதான்.

கல்விசாரா ஊழியர்களை இந்தப் பேச்சில் யாரும் நினைப்பதில்லை. ஆனால் பரிமாற்ற மாணவரின் பெறுபேற்றுப் பத்திரம் கடைசியில் வந்து சேர்வது பரீட்சைக் கிளையில் உள்ள ஓர் உதவிப் பதிவாளரின் மேசைக்கு. பத்துக்குப் போட்ட புள்ளியும் 30 என்ற கிரெடிட் எண்ணிக்கையும் கொண்ட ஒரு தாளை முதன்முதலில் பார்க்கும் ஒருவர், அதை எந்தக் கோப்பில் போடுவது, எந்த மென்பொருளில் எப்படிப் பதிவது என்று தெரியாமல் ஒதுக்கி வைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. எராஸ்மஸ் பிளஸ் விதிகள் நிர்வாக ஊழியர்களும் நூலகர்களும் பயிற்சிக்குப் போக இடம் தருகின்றன. பங்காளிப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு வாரம் இருந்து பார்த்த ஒருவர், இங்கே வரும் கோப்பை ஒரு நாளில் முடித்துவிடுவார். ஒதுக்கப்படும் ஊழியர் இடங்களில் ஒன்றையாவது இவர்களுக்குக் கொடுப்பது மாணவருக்குச் செய்யும் நேரடி உதவி.

முனைவர் பட்டத்துக்கு நீண்ட விடுமுறையில் போகும் விரிவுரையாளர்களின் கதை தனி. அவர்கள் பிணை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துப் போகிறார்கள். திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் சேவை செய்யாவிட்டால் பணம் கட்ட வேண்டும். அந்த ஏற்பாட்டைச் சுற்றி இருக்கும் பயங்களை ஒரு வாரப் பயணத்தின் மேலும் ஏற்றக் கூடாது.

வருகிறவர்களுக்கும் இடம் வேண்டும்

பரிமாற்றம் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிவிவகார அமைச்சர்கள் கொழும்பில் கூடிப் பேசியதிலிருந்துதான் கொழும்புத் திட்டம் பிறந்தது. 1951 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் வழியாக ஆசிய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் அவுஸ்திரேலியாவுக்கும் பிற நாடுகளுக்கும் படிக்கப் போனார்கள். அதன் செயலகம் இன்றும் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. 2014இல் அவுஸ்திரேலியா அந்தப் பெயரையே எடுத்துப் புதிய கொழும்புத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. அதில் திசை எதிர்ப்பக்கம்: அவுஸ்திரேலிய மாணவர்கள் ஆசிய, பசிபிக் நாடுகளுக்குப் படிக்கவும் பயிற்சி பெறவும் வருகிறார்கள். இலங்கைக்கும் வரலாம்.

வருகிறவர்கள் எங்களுக்கு ஏன் முக்கியம்? பல இருதரப்பு ஒப்பந்தங்கள் ஆளுக்கு ஆள் என்ற கணக்கில் நடக்கின்றன. ஒவ்வொரு மாணவரும் தன் சொந்தப் பல்கலைக்கழகத்துக்குரிய கட்டணத்தையே கட்டுவார், ஏற்கும் இடம் எதுவும் வாங்காது. இங்கே அரச பல்கலைக்கழக மாணவர் கல்விக் கட்டணமே கட்டுவதில்லை. ஆக, வெளிநாட்டவரிடம் பெருந்தொகை வாங்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் எங்கள் பிள்ளை கட்டணமின்றி ஒரு செமஸ்டர் படிக்கலாம். இலவசக் கல்வியின் பலன் கடல் தாண்டியும் போகிறது. ஆனால் இரண்டு வருடமாக நாங்கள் ஆறு பேரை அனுப்பி, அங்கிருந்து ஒருவரும் வராவிட்டால் அவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள்.

வருகிறவருக்கு ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்களின் பட்டியல் வேண்டும், பாதுகாப்பான அறை வேண்டும், செமஸ்டர் எப்போது தொடங்கும் என்ற உறுதியான திகதி வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எங்களுக்கு மிகக் கஷ்டம். பெருந்தொற்றுக் காலத்தில் குழம்பிய நாட்காட்டிகள் பீடத்துக்குப் பீடம் வேறுபட்டன. 2024இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. ஐரோப்பாவில் பல இடங்களில் முதல் செமஸ்டர் செப்டெம்பரிலோ ஒக்டோபரிலோ தொடங்கும். எங்கள் செமஸ்டர் நடுவில் நிற்கும்போது அங்கே தொடங்கினால் அனுப்பவும் முடியாது, ஏற்கவும் முடியாது. நாட்காட்டி நேராகும் வரை, விடுமுறையில் போய்வரக்கூடிய குறுகிய பாடநெறிகளைக் கூடுதலாகப் பயன்படுத்துவது நல்லது. இரண்டு நாட்டு விரிவுரையாளர்கள் சேர்ந்து ஒரே பாடத்தை இணையவழியில் நடத்தி, மாணவர்களைக் கலந்த குழுக்களாக வேலை செய்ய வைக்கும் முறையும் இப்போது பரவி வருகிறது. பயணம் போக முடியாத குடும்பநிலை உள்ளவர்களுக்கும் அதில் இடம் உண்டு. நேரில் போய் வாழ்ந்து படிப்பதற்கு அது ஈடாகாது, ஆனால் கூட வேலை செய்து பழகிய இரு துறைகள் அடுத்த வருடம் மாணவரை அனுப்புவதில் தயங்குவதில்லை.

நீங்கள் இப்போது முதல் வருடத்தில் இருந்தால்

பரிமாற்றத்துக்குப் பொருத்தமான காலம் பெரும்பாலும் இரண்டாம் வருடத்தின் முடிவு அல்லது மூன்றாம் வருடம். கடைசி வருடத்தில் ஆய்வுக்கட்டுரை குறுக்கே நிற்கும். தேர்வில் முதலில் பார்ப்பது பெறுபேறுகளைத்தான், ஆகவே முதல் வருடப் புள்ளிகளை விளையாட்டாக எடுக்காதீர்கள். தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்து விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். பல திட்டங்கள் கேட்பது பாடத்தை விளங்கி எழுதக்கூடிய நடுத்தர நிலை ஆங்கிலம். இரண்டு வருடம் ஆங்கில மொழிமூலம் பரீட்சை எழுதிய ஒருவருக்கு அது எட்டாத உயரம் இல்லை. சில இடங்களில் பல்கலைக்கழக ஆங்கிலத் துறை தரும் கடிதமே போதும். தனியாகக் காசு கட்டிப் பரீட்சைக்குப் போகும் முன் அதைக் கேளுங்கள்.

ஊக்கக் கடிதத்தில் "உலகைக் காண விரும்புகிறேன்" என்று எழுதுவதால் பயன் குறைவு. அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலைப் பார்த்து, இந்த மூன்று பாடங்கள் எனக்கு இந்தக் காரணத்துக்காக வேண்டும், இவை இங்கே இன்னின்ன பாடங்களுக்குப் பொருந்தும், இந்த ஒன்று பொருந்தாது என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் கற்றல் ஒப்பந்தத்தின் பாதி வேலையை நீங்களே செய்து முடித்திருப்பீர்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர் அதைக் கட்டாயம் கவனிப்பார்.

திரும்பி வந்ததும் பெறுபேற்றுப் பத்திரம் எப்போது வரும் என்று கேட்டு எழுதுங்கள். எராஸ்மஸ் நடைமுறையில், அங்கே பெறுபேறு வெளியாகி ஐந்து வாரத்துக்குள் அது அனுப்பப்பட வேண்டும். பிரதி ஒன்றை நீங்களும் வைத்துக்கொண்டு, ஒப்பமிட்ட கற்றல் ஒப்பந்தத்தையும் இணைத்து, துறை அலுவலகத்தில் கொடுத்துத் திகதி முத்திரை வாங்குங்கள். அடுத்த பீடச் சபை எப்போது கூடுகிறது என்பதையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.